மினிட்ஸ் எழுதுவது குமாஸ்தா வேலையா?

அன்புள்ள தம்பிக்கு,

மேடைப்பேச்சு வரும், நாலு பெரிய மனிதர்களின் பழக்கம் கிடைக்கும் என்று ஜேசீஸில் சேர்ந்தாய். எடுத்த எடுப்பிலேயே மினிட்ஸ் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். “இந்தக் குமாஸ்தா வேலைக்கா ஐயா சந்தா கட்டினேன்?” என்று கேட்கிறாய். உன்மேல் எனக்குக் கோபமில்லை. தலைமைப் பண்பு என்றால் மைக் பிடிப்பது என்று உன் தலையில் ஏற்றியவர்கள்மேல்தான் கோபம்.

1915 அக்டோபரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 32 இளைஞர்கள் கூடித் தொடங்கிய சங்கம் ஜேசீஸ். கூட்டிய ஹென்றி கீசன்பியருக்கு வயது 23. அதற்கு முன்பு அவர் நடத்திவந்தது ஒரு நடனக் கழகம்! 1944-ல் மெக்சிகோ நகரில் அது உலக அமைப்பாயிற்று. 1949-ல் இந்தியாவுக்கும் வந்தது. இதெல்லாம் உங்கள் ஆண்டு மலரிலேயே இருக்கும். கூட்டத்துக்கும் மினிட்ஸுக்கும் விதி எழுதிய, மலரில் வராத ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹென்றி ராபர்ட், அமெரிக்க ராணுவ எஞ்சினியர். 1863-ல் நியூ பெட்ஃபோர்ட் என்ற ஊரில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும்படி அவரைத் திடீரென்று நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கூட்டம் அவர் கைக்கு அடங்கவில்லை. மனிதருக்கு அவமானமாகப் போய்விட்டது. நடைமுறை தெரியாமல் இனி எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை என்று முடிவு கட்டினார். பிறகு சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றலானார். அங்கே பல மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் வழக்கமே சட்டம் என்று மல்லுக்கு நின்றார்கள். அந்த அனுபவமெல்லாம் சேர்ந்து, 1876-ல், தன் சொந்தச் செலவில் 4,000 பிரதிகள் அச்சிட்டு அவர் வெளியிட்ட சிறு நூல்தான் ‘ராபர்ட் விதிகள்’. புயல் அழித்த கால்வெஸ்டன் நகருக்குக் கடல்சுவர் திட்டமிட்ட நிபுணர் குழுவிலும் பின்னாளில் அவர் இருந்தார். என்னைக் கேட்டால் அந்தச் சுவரைவிட இந்தப் புத்தகமே பெரிய கட்டுமானம். நாவல்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு இதை நான் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அதிலுள்ள மூன்று விதிகளைச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரே தீர்மானம். இன்னும் வாய் திறக்காதவர் எழுந்து நிற்கும்போது, ஏற்கெனவே பேசியவர் மறுபடி எழக்கூடாது. தீர்மானத்தைப் பற்றிப் பேசலாம், அதைக் கொண்டுவந்தவரின் குணத்தைப் பற்றிப் பேசக்கூடாது. நம் ஊர்க் கோயில் கமிட்டிகள் உடைவதெல்லாம் இந்த மூன்றாவதில்தான்.

மினிட்ஸுக்கும் ராபர்ட் விதி வைத்திருக்கிறார்: என்ன செய்யப்பட்டது என்று எழுது, என்ன பேசப்பட்டது என்று எழுதாதே. நம் சங்கங்களின் மினிட்ஸைப் புரட்டிப் பார். “தலைவர் எழுச்சியுரை ஆற்றினார், உறுப்பினர்கள் கரவொலி எழுப்பினர்” என்றிருக்கும். ஆறு மாதம் கழித்து அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நீ இப்படி எழுது: “அரசுப் பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி வாங்க ரூ.18,000 வரை செலவிடலாம் என்ற தீர்மானம் முன்மொழியப்பட்டு வழிமொழியப்பட்டது. ஆதரவு 11, எதிர்ப்பு 4. நிறைவேறியது.” அந்த நால்வரில் நீயும் ஒருவனாயிருந்து, முகம் கோணாமல் அதை எழுதி, மறுநாள் தொட்டி வாங்க நீயே கடைக்கும் போனால், எந்தப் பேச்சுப் பயிற்சியும் தராத ஒன்று உனக்கு வந்துவிட்டது என்பேன்.

ஓட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க ஜேசீஸில் பெண்கள் நெடுங்காலம் துணை உறுப்பினர்கள் மட்டுமே. சேவைப் பணிகளில் உழைக்கலாம். ஓட்டும் கிடையாது, பதவியும் கிடையாது. 1970-களில் மினியாபொலிஸ், செயின்ட் பால் கிளைகள் அவர்களை முழு உறுப்பினர்களாகச் சேர்த்தன. தலைமையகம் கிளைகளின் அங்கீகாரத்தையே பறிக்கப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1984-ல் பெண்கள் பக்கம் தீர்ப்பானது. உழைப்பை வாங்கிக்கொண்டு ஓட்டை மறுப்பது எல்லா ஊரிலும் உள்ள தந்திரம்தான். உங்கள் கிளையில் பெண் உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவருகிறார்களா, குத்துவிளக்கு ஏற்ற மட்டும் அழைக்கப்படுகிறார்களா என்று கவனி.

இந்த அமைப்பில் நான் மதிக்கும் விதி இன்னொன்று: 40 வயதானால் வெளியே போக வேண்டும், தலைவர் பதவியும் ஓராண்டுதான். நாற்காலியை விட்டு இறங்கத் தெரியாதவர்கள் நிறைந்த நாட்டில் இதைவிடச் சிறந்த பயிற்சி ஏது? ஆனால் பதவியேற்பு விழாவுக்கும் பொன்னாடைக்கும் ஃபிளக்ஸுக்குமே அந்த ஓராண்டையும் சந்தாப் பணத்தையும் செலவழிக்கும் கிளைகளையும் பார்த்திருக்கிறேன். உன்னுடையது எந்த ரகம் என்பதை வரவு செலவுக் கணக்கு சொல்லிவிடும்.

ஆகவே, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதே. கிளையின் விதிமுறைப் பிரதி ஒன்று கேட்டு வாங்கு. குறைந்தபட்சம் எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்று அதில் போட்டிருக்கும். போன மாதக் கூட்டத்துக்கு அத்தனை பேர் வந்தார்களா என்று வருகைப் பதிவேட்டில் எண்ணிப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்