உழவும் போரும்: வேளாண் பாத்திரமேற்பு நிகழ்பட விளையாட்டுகளில் ஓட்டம், கதை, போர் ஆகியவற்றின் இயைபு

ஆய்வுச் சுருக்கம்

உழவு பொறுமையை வேண்டும் தொழில். போர் விரைவை வேண்டும் செயல். இவ்விரண்டையும் ஒரே ஆட்டத்துள் அமைக்கும் வேளாண் பாத்திரமேற்பு விளையாட்டுகள், அவற்றைக் கதையோடு எவ்வாறு பிணைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘ரூன் ஃபேக்டரி’ (2006), ‘ஸ்டார்டியூ வேலி’ (2016), ‘சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ரூயின்’ (2020) ஆகிய மூன்று விளையாட்டுகள் ஒப்புநோக்கப்படுகின்றன. ஆற்றலைப் பகிர்தல், காலத்திற்குப் போட்டியிடுதல், காரணகாரியமாகத் தொடர்தல் என்னும் மூவகைப் பிணைப்புகள் இவற்றில் அமைந்திருப்பதும், அவற்றுள் மூன்றாவதே உழவுக்குப் பொருட்சிறப்பைத் தருவதும் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிகழ்பட விளையாட்டு, பாத்திரமேற்பு, வேளாண்மை, எடுத்துரைப்பு, ஓட்டம், சகுனா.

முன்னுரை

வேளாண் வாழ்வை மையமாகக் கொண்ட நிகழ்பட விளையாட்டு வகைக்கு 1996ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ‘பொகுஜோ மொனோகதாரி’ அடித்தளமிட்டது. ஆங்கிலத்தில் இது ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்னும் பெயரால் பரவியது. நிலத்தைத் திருத்துதல், விதைத்தல், நீர் பாய்ச்சுதல், கால்நடை பேணல், ஊராரோடு பழகுதல் ஆகியனவே அதன் செயல்கள். அதில் போர் இல்லை. பகையை வெல்வதே ஆட்டம் என்னும் வழக்கத்திற்கு மாறாக, நாள்தோறும் செய்யும் வேலையே ஆட்டமாகலாம் என்பதை அது காட்டியது.

பின்வந்த படைப்பாளிகள் இவ்வகையுள் போரையும் கொணர்ந்தனர். அதனால் ஒரு சிக்கல் எழுந்தது. போரில் வெற்றி உடனே கிட்டுகிறது; உழவின் பயனுக்கோ காத்திருக்க வேண்டும். கதை இவ்விரண்டையும் கடந்து முன்னே செல்ல விழைகிறது. மூன்றும் தத்தம் வழியில் இழுக்குமாயின் ஆட்டம் சிதறும். ஒன்று மற்றவற்றை விழுங்குமாயின் எஞ்சியவை வெறும் அலங்காரமாகும். இங்கு ‘ஓட்டம்’ என்பது, ஆடுபவர் எப்போது விரைய வேண்டும், எப்போது தங்க வேண்டும் என்பதை விளையாட்டின் விதிகள் ஒழுங்குபடுத்தும் முறையைக் குறிக்கும்.

ஆற்றலைப் பகிர்தல்

2006இல் வெளிவந்த ‘ரூன் ஃபேக்டரி’, ‘பொகுஜோ மொனோகதாரி’யின் கிளையாகத் தோன்றியது. இதில் மண்ணைக் கொத்துவதற்கும் வாளை வீசுவதற்கும் ஒரே ஆற்றலளவு செலவாகிறது. அது தீர்ந்தபின் செய்யும் வேலை உயிர்நிலையைக் குறைக்கிறது. காலையில் வயலில் மிகுதியாக உழைத்தவர் மாலையில் குகைக்குள் தளர்ந்த உடலோடு நுழைய நேரும்.

செலவில் மட்டுமன்றி வரவிலும் பகிர்வு உண்டு. முழுதும் முற்றிய பயிர்ப்பாத்தியிலிருந்து எழும் ‘ரூன்’ இழந்த ஆற்றலை மீட்டுத் தருகிறது. குகைகளுக்குள்ளும் உழத்தக்க நிலம் இருப்பதால், போர்க்களத்தில் பயிரிட்டவர் அங்கேயே வலிமை பெறுகிறார். வீழ்த்தப்படும் விலங்குகள் கொல்லப்படுவதில்லை. தம் பிறப்பிடத்திற்குத் திருப்பி அனுப்பப்படுகின்றன. பழக்கப்படுத்தினால் அவை வயல்வேலையும் செய்கின்றன. உயிர் வளர்க்கும் ஒருவரே உயிர் பறிப்பவராகவும் இருப்பதிலுள்ள முரணைக் கதை இவ்வாறு தணிக்கிறது. எனினும் உழவு இங்குப் போருக்குத் துணைநிற்கிறதே தவிர, அதற்கு இன்றியமையாததாக ஆகவில்லை.

காலத்திற்குப் போட்டியிடுதல்

எரிக் பரோன் என்னும் தனியொருவர் உருவாக்கி 2016இல் வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’யில் ஆற்றலளவு இருப்பினும், ஓட்டத்தை ஆள்வது காலமே. ஆண்டுக்கு நான்கு பருவங்கள். பருவத்திற்கு 28 நாட்கள். ஒரு நாள் காலை 6 மணிக்குத் தொடங்கிப் பின்னிரவு 2 மணிக்கு முடிகிறது. ஆடுபவரின் கடிகாரத்தில் அஃது ஏறத்தாழ 14 நிமிடங்கள். அதற்குள் நீர் பாய்ச்சுதல், மீன் பிடித்தல், ஊராரைச் சந்தித்தல், சுரங்கத்தில் இறங்குதல் ஆகிய அனைத்தும் போட்டியிடுகின்றன.

120 தளங்கள் கொண்ட சுரங்கத்தில் ஐந்து தளங்களுக்கு ஒருமுறை மின்தூக்கி நிற்கிறது. இச்சிறு ஏற்பாடு போரை ஒருநாள் அளவுக்குள் அடங்கும் துண்டுகளாக்குகிறது. இன்று விட்ட இடத்திலிருந்து நாளை தொடரலாம். கதையும் அவ்வாறே சிறு நிகழ்ச்சிகளாகச் சிதறிக் கிடக்கிறது. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் இறந்த பாட்டனார் தோன்றிப் பேரப்பிள்ளையின் வாழ்வை மதிப்பிடுவது மட்டுமே தொலைவில் தெரியும் எல்லைக்கல்.

இவ்வமைப்பின் வலிமை, ஆடுபவரின் உரிமை. சுரங்கத்தைப் பெரிதும் ஒதுக்கிவிட்டு வயலிலேயே வாழ்பவருக்கும் ஆட்டம் இடமளிக்கிறது. குறையும் இங்கேயே உள்ளது. போரும் உழவும் ஒன்றன் நேரத்தை மற்றொன்று பறிக்கின்றன. ஒன்றன் பொருளை மற்றொன்று ஆழப்படுத்துவது அரிது. நேரத்தைக் கணக்கிடும் ஆடுபவர், நீர் தெளிப்பான்களை நிறுவி உழவிலிருந்து விடுபட முயல்கிறார். உழவுதான் ஆட்டத்தின் மையம். ஆயினும் திறமை கூடக்கூடச் சுருக்கப்படுவதும் அதுவே.

காரணகாரியமாகத் தொடர்தல்

ஜப்பானின் எடெல்வைஸ் குழு உருவாக்கி 2020 நவம்பரில் வெளிவந்த ‘சகுனா’ இச்சிக்கலை வேறு முறையில் தீர்க்கிறது. கதைத்தலைவி சகுனா, வேளாண் தெய்வமான தாய்க்கும் போர்த் தெய்வமான தந்தைக்கும் பிறந்தவள். உழைப்பறியாது செல்வத்தில் திளைத்தவள். மனிதர் சிலர் தேவருலகில் நுழைந்ததால் விளைந்த குழப்பத்தில் காணிக்கை நெல் அழிய, அவள் அம்மனிதரோடு அரக்கர் தீவிற்கு அனுப்பப்படுகிறாள். உழவும் போரும் அவளுடைய பிறப்பிலேயே இணைந்துள்ளன. அவ்விணைப்பை அவள் உழைத்து உணர்வதே கதையாகிறது.

இவ்விளையாட்டின் முதன்மை விதி, பகைவரை வீழ்த்துவதால் சகுனாவின் நிலை உயர்வதில்லை என்பதாகும். பிற பாத்திரமேற்பு விளையாட்டுகளில் போரே பட்டறிவுப் புள்ளிகளைத் தரும். இங்கு ஆண்டுக்கொருமுறை வரும் அறுவடையே அவளை வலிமையாக்குகிறது. நெல்லின் விளைவு, சுவை, உறுதி, பசைத்தன்மை, தோற்றம், மணம் ஆகிய ஒவ்வொன்றும் அவளது ஒவ்வோர் ஆற்றலை வளர்க்கிறது.

அதனால் நெல்வேளாண்மை ஒற்றைப் பொத்தானில் முடியும் செயலாக இல்லை. மண்ணைக் கொத்துதல், நீரிலிட்டு நல்விதை தேர்தல், நாற்று வளர்த்தல், ஒவ்வொரு நாற்றாக நடுதல், நீர்மட்டத்தைக் காத்தல், களை பறித்தல், நீரை வடித்தல், அரிவாளால் அறுத்தல், கதிர்க்கற்றைகளைச் சட்டத்தில் தொங்கவிட்டு உலர்த்தல், மணி உதிர்த்தல், உமி நீக்கல் என அது விரிகிறது. எவ்வளவு தீட்டுவது என்பதையும் ஆடுபவரே முடிவு செய்கிறார். நடவின் இடைவெளியும் நீரின் ஆழமும் விளைச்சலை மாற்றுகின்றன. இதனால் ஜப்பானிய ஆடுநர் பலர் தம் நாட்டு வேளாண் அமைச்சகத்தின் நெல் குறித்த இணையப் பக்கங்களைத் தேடிப் படித்தனர். அமைச்சகமே இவ்விளையாட்டின் வழிகாட்டி நூல் என்னும் நகைமொழியும் அங்கு வழங்கலாயிற்று.

போரும் வயலுக்குத் திரும்பி வருகிறது. வீழ்த்திய பகையிடமிருந்தும் காட்டிலிருந்தும் கிடைக்கும் பொருள்கள் எருவாகவும் உணவாகவும் மாறுகின்றன. மாலையில் அனைவரும் கூடி உண்ணும் உணவு அடுத்த நாளின் ஆற்றலைத் தீர்மானிக்கிறது. வயிறு நிறைந்திருக்கும்வரைதான் காயம் தானே ஆறும். போர் எருவைத் தர, எரு நெல்லைத் தர, நெல் வலிமையைத் தர, வலிமை மீண்டும் போருக்கு இட்டுச்செல்கிறது. சகுனாவின் படைக்கலன்களும் வேளாண் கருவிகளே என்பது இவ்வட்டத்தை நிறைவு செய்கிறது.

பெரும்பொழுதும் சிறுபொழுதும் ஓட்டத்தை ஆள்கின்றன. ஒரு பருவத்திற்கு 3 நாட்களாக ஆண்டு 12 நாட்களில் முடிகிறது. இரவில் பகைவர் வலிமை பெறுவதால் ஆடுபவர் வீடு திரும்ப நேர்கிறது. வீட்டில் உணவும் உரையாடலும் காத்திருக்கின்றன. கதை மாந்தர் மனம்விட்டுப் பேசுவது பெரும்பாலும் இவ்வேளையில்தான். எனவே ஓய்வுக்கென அமைந்த இடைவெளியே கதைக்குரிய களமாகிறது.

உழைப்பின் மதிப்பும் ஓட்டத்தின் தடையும்

தொடக்கத்தில் நடவு வளைந்தும் நெளிந்தும் அமைகிறது. இரு குச்சிகளுக்கிடையே கதிரை இழுத்து மணி உதிர்ப்பது சலிப்பூட்டுகிறது. பழகப்பழகத் திறன்கள் கூடுகின்றன, பற்கள் கொண்ட கதிர்க்கருவி கிடைக்கிறது, வேலை விரைவாகிறது. சலிப்பை அறிந்தபின் கிடைப்பதால் கருவியின் அருமை ஆடுபவரின் கைக்கே தெரிகிறது. தாவெமோன் என்னும் துணைவனிடம் வேலையை ஒப்படைக்கலாம்; ஆயினும் தன் கையால் செய்த நேர்த்தி அதில் அமைவதில்லை. ‘ஸ்டார்டியூ வேலி’யில் உழவைச் சுருக்குவது முழு ஆதாயம், ‘சகுனா’வில் அதற்கொரு விலை உண்டு.

இவ்வமைப்பு குறையற்றதன்று. புதிய இடங்கள் திறக்க, முன்சென்ற இடங்களில் விதிக்கப்பட்ட இலக்குகளை நிறைவேற்றித் தேடல்நிலையை உயர்த்த வேண்டும். கதை உச்சத்தை நோக்கி விரையும் வேளையில் பழைய இடங்களுக்கே மீண்டும் செல்வது ஓட்டத்தைத் தடுக்கிறது. உழவின் காத்திருப்பில் பயிர் வளர்வது கண்முன் தெரியும். இக்காத்திருப்பில் அவ்வாறு எதுவும் வளர்வதில்லை. காத்திருப்பு என்பது தன்னளவில் குறையன்று, பொருளற்ற காத்திருப்பே குறை என்பது இதனால் விளங்கும்.

மூன்று விளையாட்டுகளுக்கும் பொதுவான ஒரு மௌனமும் கருதத்தக்கது. ‘ஸ்டார்டியூ வேலி’யில் விளைபொருளின் விலை சந்தையால் சரிவதில்லை, பருவம் மாறினால் பயிர் பட்டுப்போகும், ஆனால் கடன் எவரையும் நிலத்தை விட்டு வெளியேற்றாது. ‘சகுனா’வில் தாழ்ந்த விளைச்சலும் ஓரளவு வலிமையைச் சேர்த்தே செல்கிறது. உழைப்பிற்குப் பயன் உறுதி என்பது இவ்விளையாட்டுகள் தரும் ஆறுதல். மெய்யான உழவருக்குக் கிட்டாததும் அதுவே. ஆட்டத்தின் சமநிலை என்று போற்றப்படுவதில் ஒரு பகுதி, உழவின் இடர்களை நீக்கியதால் பெறப்பட்டது என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

முடிவுரை

ஓட்டம், கதை, போர் ஆகியவற்றின் இயைபு அவற்றுக்குச் சமஅளவு நேரம் ஒதுக்குவதால் அமைவதன்று. ‘ரூன் ஃபேக்டரி’யில் உழவும் போரும் ஒரே ஆற்றலைப் பகிர்கின்றன, ‘ஸ்டார்டியூ வேலி’யில் ஒரே நாளுக்குப் போட்டியிடுகின்றன, ‘சகுனா’வில் ஒன்று மற்றொன்றின் காரணமாகிறது. காரணத் தொடர்பு வலுப்பெறுமிடத்தில் உழவு இடைவேளைப் பொழுதுபோக்காகத் தாழாமல் கதையைத் தாங்கும் செயலாக உயர்கிறது. அத்தொடர்பு அறுந்து வெறும் இலக்குகள் தடையாக நிற்குமிடத்தில் இயைபு குலைகிறது. சோற்றின் பின்னுள்ள உழைப்பைக் கதைமாந்தர் சொல்லால் மட்டும் உணர்த்தாமல் ஆடுபவரின் கைகளாலும் உணர்த்துவதே ‘சகுனா’ இவ்வகைமைக்கு அளித்த பங்களிப்பாகும். பயிர் பொய்க்கும் வாழ்வையும் இதே நேர்மையோடு ஆட்டத்தின் விதிகளாக்க இயலுமா என்பது மேலும் ஆராயத்தக்கது.