ஒட்டகத்திடம் போகுமுன்

விலங்கு உடலியங்கியல் ஆய்வுக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, நுட் ஷ்மிட்-நீல்சன் (1915–2007) என்ற நார்வேக்காரரை முன்வைத்துச் சிலவற்றைச் சொல்கிறேன். இத்துறையில் நான் பொறாமைப்பட்ட ஆள் அவர் ஒருவர்தான்.

1. முதலில் கேள்வி, பிறகு விலங்கு, கடைசியில் கருவி. விலையுயர்ந்த கருவி வந்து இறங்கியதும் அதற்குத் தோதாக ஒரு கேள்வியைத் தேடி அலைகிறீர்கள். ஷ்மிட்-நீல்சன் கோபன்ஹேகனில் உடலியங்கியலாளர் ஆகஸ்ட் குரோகிடம் பயின்றவர். பல சிக்கல்களுக்கு அவற்றை ஆராய மிக வாகான ஒரு விலங்கு இருக்கும் என்பது குரோகின் கொள்கை.

2. ஊரே சொல்வதையும் அளந்து பாருங்கள். ஒட்டகம் வயிற்றில் தண்ணீரைச் சேமிக்கிறது என்றார்கள். திறந்து பார்த்தால் இருந்தது செரிமான நீர். சரி, திமிலின் கொழுப்பு எரிந்து தண்ணீர் கிடைக்கிறதே என்றார்கள். கிடைக்கத்தான் செய்கிறது, ஆனால் அதை எரிக்க ஆக்சிஜன் வேண்டும், அதற்காக மூச்சு விட வேண்டும், வறண்ட காற்றில் அந்த மூச்சோடு ஈரமும் போய்விடும். கூட்டிக் கழித்தால் லாபமில்லை.

1953-54இல் ஷ்மிட்-நீல்சனும் கூட்டாளிகளும் அல்ஜீரியாவின் பெனி அப்பெஸ் என்ற சகாரா ஊருக்கே போய்த் தங்கி அளந்தார்கள். தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியலில் 34 டிகிரி செல்சியஸ், பிற்பகலில் 40க்கும் மேல். நாம் வியர்த்துத் தள்ளும் சூட்டை அது பகலெல்லாம் உடம்பிலேயே வைத்திருந்து, இரவுக் குளிரில் வெளியே விடுகிறது. மிச்சப்படுவது வியர்வை. ரோமத்தை மழித்துவிட்டால் நீரிழப்பு ஏறக்குறைய பாதியளவு கூடிவிடுகிறது. வெயிலில் கம்பளி போர்த்தியிருப்பது முட்டாள்தனம் என்று யார் சொன்னது? இத்தனைக்கும் முக்கியமாகத் தேவைப்பட்டவை வெப்பமானி, தராசு, பொறுமை.

3. விலங்கை இக்கட்டில் வைத்துக் கேளுங்கள், ஆனால் வதைக்காதீர்கள். அரிசோனாவின் கங்காரு எலி காய்ந்த தானியத்தைத் தின்றே, தண்ணீர் குடிக்காமல் வாழும். அதற்குப் புரதம் மிகுந்த சோயாவைக் கொடுத்தார்கள். யூரியாவை வெளியேற்றத் தண்ணீர் தேவைப்பட்டது. கடல்நீரை வைத்தார்கள், குடித்துப் பிழைத்தது. அதன் சிறுநீரகம் அவ்வளவு வல்லது.

4. பதில் எதிர்பாராத உறுப்பில் இருக்கலாம். கடற்பறவைகள் உப்பை எப்படிக் கழிக்கின்றன? எல்லோரும் சிறுநீரகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1957 வாக்கில் அவரும் கூட்டாளிகளும் நீர்க்காகத்துக்கு உப்புநீர் கொடுத்தபோது, அடர்ந்த உப்புக்கரைசல் மூக்கு வழியே சொட்டியது. சுரப்பி கண்ணுக்கு மேலே இருந்தது. உடற்கூறியலாளர்கள் அதை முன்பே பார்த்திருந்தார்கள், வேலைதான் தெரியவில்லை.

5. உடன் உழைப்பவரின் பெயரை விழுங்காதீர்கள். குரோகின் மகளும் ஷ்மிட்-நீல்சனின் மனைவியுமான போடில், பல் மருத்துவம் படித்துவிட்டு உடலியங்கியலுக்கு வந்தவர். கங்காரு எலி, ஒட்டக ஆய்வுகளில் அவருக்குச் சரிபங்கு. பின்னாளில் பிரிந்தார்கள். சிறுநீரக ஆய்வில் தனித்து நின்ற அவர், 1975இல் அமெரிக்க உடலியங்கியல் கழகத்தின் முதல் பெண் தலைவரானார். இன்றும் சிலர் ஒட்டகக் கதையைச் சொல்லும்போது கணவர் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

6. பதவி, பரிசு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஷ்மிட்-நீல்சன் 1952இல் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போனார், அங்கேயே இருந்துவிட்டார்.

7. எளிமையாக எழுதப் பழகுங்கள். 1972இல் வந்த அவருடைய 'ஹவ் அனிமல்ஸ் ஒர்க்' சின்னப் புத்தகம். பறவை நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுவதை அதில் படித்துவிட்டு, உங்கள் ஆய்வேட்டின் முதல் பத்தியைத் திரும்ப எழுதிக்கொண்டு வாருங்கள்.