பல் இடுக்கும் நூலும்



கலியாண வீட்டில் பிரியாணி உண்டு எழுந்ததும் நம்மவர் கை தேடுவது பல்குத்தும் குச்சியை. குச்சி கிடைக்காவிடில் ஊக்கு. ஊக்கும் இல்லாவிடில் ரசீதுத் தாளின் முனை. அதை வாயில் வைத்துக்கொண்டே கல்லாவில் கணக்குப் பார்ப்பவர்களும் உண்டு. நாமும் பல வருடங்கள் அவ்வாறே இருந்தோம்.

ஒரு நாள் பல் நூல் ஒன்றை எடுத்து உபயோகித்துப் பார்த்தோம். முதல் நாளே இரத்தம் கண்டது. "இது நமக்கு ஒத்துவராது" என்று மேசை அறையில் போட்டுவிட்டோம். இரண்டு வருடம் கழித்துக் கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் கண்டு, பிடுங்க வேண்டியதாயிற்று. பல் வைத்தியர் சொன்னார்: "இரத்தம் வந்தது ஈறு கொடுத்த புகார். நீங்கள் புகாரை விசாரிக்காமல் கடையை மூடிவிட்டீர்கள்." பல் போன பிறகுதான் நமக்குப் புத்தி வந்தது.

பாடாங் மேஹாவில் நம் மளிகைக் கடையில் இந்நூலை வாங்கிச் செல்வோரில் பலர், நாம் செய்த அதே பிழையைச் செய்து மறுபடி குச்சிக்கே திரும்புகிறார்கள். பொருளை விற்றால் மட்டும் போதாது, அதன் உபயோகத்தையும் சொல்லவேண்டும் என்பதால் இதை எழுதலானோம்.

நூல் எதற்கு?

ஒரு பல்லுக்கு ஐந்து பக்கங்கள் உண்டு. வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லும் பக்கம் ஆகிய மூன்றையும் பிரஷ் துலக்கிவிடும். பல்லும் பல்லும் ஒட்டி நிற்கும் மற்ற இரண்டு பக்கங்களுக்குள் பிரஷ் சரியாக நுழைவதில்லை. மிஸ்வாக் செய்வது சுன்னத்து. அதை ஒருபோதும் விடவேண்டாம். ஆனால் அதன் நாரும் அந்த இடுக்கினுள் முழுதும் செல்வதில்லை. அங்கே தங்கும் அழுக்குப் படலம் நாளடைவில் இறுகிக் காரையாகிறது. ஈறு வீங்குகிறது. கவனியாது விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பும் கரைகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் அதிக ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். சர்க்கரை மிகுந்தால் ஈறு நோய் வலுக்கும். ஈறு நோய் வலுத்தால் சர்க்கரையை அடக்குவது கடினமாகும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை போகின்றன.

இது நேற்று வந்த நாகரிகமுமன்று. 1819-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துப் பல் வைத்தியர் லெவி ஸ்பியர் பார்ம்லி என்பார், மெழுகு தடவிய பட்டு நூலால் இடுக்கைச் சுத்தம் செய்யும்படி எழுதினார். இப்பொழுது பட்டுக்குப் பதிலாக நைலான் முதலியவற்றால் செய்கிறார்கள்.

உபயோகிக்கும் முறை

கையைக் கழுவிக்கொண்டு ஒரு முழம் நூலை எடுக்கவும். இரு கை நடுவிரல்களிலும் சுற்றி, இடையில் ஓரிரு அங்குலம் மட்டும் விடவும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இழுத்துப் பிடித்து, வாள் அறுப்பதுபோல் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து இடுக்கில் இறக்கவும். ஓங்கி அழுத்தினால் நூல் ஈற்றை வெட்டும். இறங்கியதும் ஒரு பல்லை அணைத்தாற்போல் நூலை வளைத்து, ஈற்றின் ஓரத்துக்குச் சற்று உள்ளேயிருந்து மேலும் கீழுமாகச் சில முறை தேய்க்கவும். பிறகு அதே இடுக்கின் மறு பல்லையும் அவ்வாறே செய்யவும். ஒவ்வோர் இடுக்குக்கும் நூலின் புதுப் பகுதியை விடவும். கடைசிப் பல்லின் பின்புறத்தை மறக்கவேண்டாம். நாளுக்கு ஒரு முறை, படுக்குமுன் செய்தால் போதும்.

நம்மிடம் வரும் குறைகள்

"இரத்தம் வருகிறது." பெரும்பாலும் ஈறு ஏற்கெனவே வீங்கியிருப்பதே காரணம். மென்மையாகத் தினமும் தொடர்ந்தால் ஓரிரு வாரத்தில் குறையும். அதற்கு மேலும் நிற்காவிடில் பல் வைத்தியரிடம் காட்டவேண்டும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்பவர்கள் வைத்தியரைக் கேட்டுச் செய்யவும்.

"நூல் நுழையவில்லை." மெழுகு பூசியதையோ பட்டையானதையோ வாங்கவும்.

"நூல் பிய்ந்துபோகிறது." எப்போதும் ஒரே இடத்தில் பிய்ந்தால் நூலைக் குறை சொல்லவேண்டாம். அங்கே காரையோ, சொத்தையோ, அடைத்த பல்லின் உடைந்த விளிம்போ இருக்கலாம். அதைக் காட்டிச் சரிசெய்ய வேண்டும். நூல் சிக்கிக்கொண்டால் மேலே இழுக்காமல், ஒரு முனையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவவும்.

"விரல் பின்பல்லுக்கு எட்டவில்லை." கவட்டைபோன்ற பிடியில் நூல் கட்டியே விற்கிறார்கள். முதியவர்களுக்கு அதுவே சௌகரியம்.

"பல் இடைவெளி பெரிதாகிவிட்டது." நூல் பல்லை விலக்காது. வீங்கிய ஈறு வடிந்தபின், முன்பே இருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. இடைவெளி அகலமாயிருந்தால் நூலைவிட, இடுக்கில் விடும் சிறு பிரஷ் நல்லது.

"தையல் நூல் ஆகாதா?" ஆகாது. அது ஈற்றை அறுக்கும், அறுந்து இடுக்கில் தங்கும்.

2016-ஆம் ஆண்டில், பல் நூலுக்குப் போதிய ஆதாரம் இல்லையென்று அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதைக் காட்டி நம்மோடு வாதித்தவர்களும் உண்டு. 2019-இல் காக்ரேன் என்னும் ஆராய்ச்சிக் குழுவினர் பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வெறும் பிரஷைவிடப் பிரஷோடு நூலும் சேர்ந்தால் ஈறு வீக்கம் குறையக்கூடும். இடுக்குப் பிரஷ் நூலைவிட மேலாக இருக்கக்கூடும். ஆயினும் ஆதாரம் வலுவானதன்று என்றார்கள். ஆகவே நூல்தான் வேண்டும் என்று நாம் பிடிவாதம் செய்யவில்லை. எதனாலாவது இடுக்கு சுத்தமாகவேண்டும் என்பதே நம் அபிப்பிராயம்.

ரமலானில் இரவிலேயே இதை முடித்துக்கொள்வது சிறந்தது. பகலில் செய்து, இரத்தமோ உணவுத் துணுக்கோ தொண்டைக்குள் போய்விடுமோ என்ற சஞ்சலம் வேண்டாம். சட்ட விவரத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளவும்.

சகோதரர்களே! கல்லாவை எண்ணாமல் எந்த வியாபாரியும் இரவில் கடை அடைப்பதில்லை. ஒரு வெள்ளி குறைந்தால்கூட மறுபடி எண்ணுகிறோம். போன வெள்ளியை நாளை சம்பாதித்துவிடலாம். போன பல் மறுபடி முளைக்காது. கதவைப் பூட்டிவிட்டு வீடு சென்றதும், இந்த ஒரு முழ நூலுக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். முதல் நாள் இரத்தம் கண்டால் நம்மைப்போல் மேசை அறையில் போட்டுவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.