தேதி உன் கையில் இருக்கட்டும்

அன்புத் தங்கைக்கு,

ஒலிப்புத்தகங்களைத் தொகுக்கும் வேலையில் சேர்ந்துவிட்டாய் என்று கேட்டதில் ரொம்பச் சந்தோஷம். உன் குரல்பதிவின் கடைசியில், போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் பார்வையற்ற பிள்ளைகள் வேறு சிலரும் அதையே கேட்பதால், பொதுவில் வைத்தே எழுதிவிடுகிறேன். “விண்டோஸ் அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்தி வைக்க வழி இருக்கா அண்ணா?” என்றாய்.

வழி இருக்கிறது. செய்யாதே. அதற்காக, அது கூப்பிட்டபோதெல்லாம் ஓடிப்போய் ரீஸ்டார்ட் கொடுக்கவும் வேண்டாம். அப்டேட் வரத்தான் செய்யும். அது எந்த நாளில் உன் சிஸ்டத்துக்குள் நுழைய வேண்டும் என்பதை நீ முடிவு செய். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் விவரம்.

அப்டேட் வந்தால் ஏதாவது கெட்டுவிடுமோ என்ற உன் பயம் நியாயமானது. “எங்களுக்கும்தான் அப்டேட் வருது, நாங்க என்ன அழுதுக்கிட்டா இருக்கோம்?” என்று ஆபீசில் யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதே, ஆனால் அதை நம்பிவிடவும் செய்யாதே. ஒரு பட்டன் இடம் மாறினால் அவர்கள் கண் தேடிக்கொள்ளும். நம் ஸ்கிரீன் ரீடர்களான என்விடிஏவோ ஜாஸோ அப்படித் திரையைப் பார்த்துப் படிப்பதில்லை. கர்சர் நிற்கிற இடத்தில் என்ன இருக்கிறது, அதற்கு என்ன பெயர், டிக் ஆகியிருக்கிறதா இல்லையா என்று அந்தந்த மென்பொருளைக் கேட்டு, அது சொல்கிற பதிலை நமக்குச் சொல்கிறது. அப்டேட்டில் புதிதாக ஒரு பட்டனை வைத்தவர் அதற்குப் பெயர் கொடுக்க மறந்தால், திரையில் எல்லாம் ஜோராகத்தான் தெரியும். நமக்கு மட்டும் “பட்டன், பட்டன், பட்டன்” என்று கேட்கும்.

பெரிய நிறுவனங்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. நவம்பர் 2017-இல் பயர்பாக்ஸ் 57 வெளிவந்தபோது அதன் வேகத்தை எல்லோரும் கொண்டாடினார்கள். நமக்கு அது நத்தையாக ஊர்ந்தது. உள்ளே வேலையைப் பல பிராசஸ்களாகப் பிரித்திருந்ததால், ஸ்கிரீன் ரீடர் கேட்கிற ஒவ்வொரு சின்னக் கேள்வியும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. ஜாஸ் பயன்படுத்துவோர் இப்போதைக்குப் பழைய 52-ஆம் பதிப்பிலேயே இருங்கள் என்று மொசில்லாவே சொல்லும் நிலை. அந்தப் பகுதியை அடியோடு மாற்றி எழுதி, 113-ஆம் பதிப்பில் வெளியிட்டது 2023-இல். அந்த வேலையில் முன்னின்றவர்களில் ஒருவர் ஜேம்ஸ் டெஹ். மைக்கேல் கரனோடு சேர்ந்து என்விடிஏவை வளர்த்தவர் அவர். ஒலித் தொகுப்பு மென்பொருளான ரீப்பரைப் பேசவைக்க நீ தினமும் பயன்படுத்துகிற ஒசாராவும் அவர் கைவேலைதான். கரனும் டெஹ்ஹும் ஆஸ்திரேலியாக்காரர்கள், இருவருக்கும் பார்வை கிடையாது, சிறுவயதில் பார்வையற்றோருக்கான ஓர் இசை முகாமில் பழக்கமானவர்கள். உன் மேசையில் இருப்பதில் பாதிக்கு அந்த முகாம்தான் ஆரம்பம்.

உன் வேலைக்கு வருகிறேன். மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சங்கடம் உனக்கு உண்டு. வங்கியில் இருக்கும் நம் நண்பர்களுக்கு ஒலி போனால் திரை போகும், அவ்வளவுதான். உனக்கு ஒலிதான் திரை, விற்கிற சரக்கும் ஒலிதான். ஆடியோ டிரைவர் ஒன்று கோளாறானால் இரண்டும் சேர்ந்து போகும். இது கற்பனையில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பை ஏற்றிய சில கணினிகளில் ஸ்பீக்கரும் ஹெட்செட்டும் ஊமையாகிவிட்டதால், அத்தகைய கணினிகளுக்கு அந்த அப்டேட்டையே டிசம்பர் 2024-இல் மைக்ரோசாப்ட் நிறுத்தி வைத்தது.

“ஒரு யூஎஸ்பி சவுண்டு கார்டு வாங்கி டிராயரில் போட்டு வை” என்று நம் ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், சில நூறு ரூபாய்தான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதே. ஜனவரி 14, 2025 அன்று வந்த பாதுகாப்பு அப்டேட், யூஎஸ்பி 1.0 ஆடியோ டிரைவரை நம்பியிருந்த வெளிக் கருவிகளைத்தான் முடக்கியது. அன்றைக்கு டிராயர் கார்டை நம்பியவர் கதி என்ன? அதனால் வகைக்கு ஒன்று வேண்டும்: லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர், ஒரு யூஎஸ்பி, ஒரு புளூடூத். மூன்றும் வெவ்வேறு டிரைவர். ஒரே நாளில் மூன்றும் சாவது அபூர்வம். பிரெய்ல் டிஸ்பிளே இருந்தால் ஒலியே வேண்டாம், ஆனால் அதன் விலையைக் கேட்டால் நமக்குப் பேச்சு நின்றுவிடும்.

இன்னொன்று, ரீப்பர்காரர்களுக்கு மட்டும். ரெக்கார்டிங் இன்டர்ஃபேஸை ஆசியோ டிரைவரில் ஓட்டிக்கொண்டு, அதே கருவியில் என்விடிஏவையும் பேசவிடாதே. புராஜெக்ட் 48,000-இலும் விண்டோஸ் 44,100-இலும் இருந்தால் போதும், பல கருவிகளில் என்விடிஏ பாதி வாக்கியத்தில் ஊமையாகிவிடும். என்விடிஏ லேப்டாப்பின் சொந்த ஒலியில் பேசட்டும். இன்டர்ஃபேஸ் வேலைக்கு மட்டும். பெரிய அப்டேட்டுகள் சில சமயம் டிஃபால்ட் கருவியை மாற்றி வைத்துவிடும். அதனால் ரீஸ்டார்ட் ஆனதும் இமெயிலைத் திறக்காதே, என்விடிஏ பேசும் கருவி, விண்டோஸின் டிஃபால்ட் கருவி, இந்த இரண்டு செட்டிங்கையும் முதலில் பார்.

இப்போது தேதி. மைக்ரோசாப்ட் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டுகளை இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. 2003-இலிருந்து இதுதான் வழக்கம். அவர்களுக்குக் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. ஆகவே புதன் காலை நீ சிஸ்டத்தைத் திறக்கும்போது அது வாசலில் நிற்கும். அந்த வாரம் தொடாதே. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘பாஸ்’ என்று இருக்கிறது, 5 வாரம் வரை தள்ளலாம். உனக்கு அவ்வளவு வேண்டாம், 10 நாள் போதும். அதற்குள் உலகத்தில் யாருடைய ஒலி போனது, யாருக்கு லாகின் திரை பேசவில்லை என்பது வெளியே வந்துவிடும். டெலிவரி எதுவும் இல்லாத ஒரு சனிக்கிழமை காலையில் நீயே உட்கார்ந்து போடு. இரவில் வேண்டாம், ஏதாவது ஆனால் போன் செய்யக்கூட ஆள் விழித்திருக்க மாட்டார்கள்.

பத்து நாள் தள்ளுவது வேறு, போடாமலே இருப்பது வேறு. மே 2017-இல் வான்னாக்ரை என்ற மால்வேர் உலகம் முழுக்க மருத்துவமனைகளையும் தொழிற்சாலைகளையும் முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தது. இரண்டு மாதம் போடாமல் இருந்தவர்கள்தான் மாட்டினார்கள். உன் ஹார்ட்டிஸ்கில் இருப்பது அடுத்தவர் குரல், அடுத்தவர் புத்தகம்.

போடுகிற அன்று முன்னேற்பாடு கொஞ்சம் வேண்டும். என்விடிஏ மெனுவில் போர்ட்டபிள் காப்பி எடுக்கும் வசதி இருக்கிறது. உன் செட்டிங்ஸோடு ஒரு பென்டிரைவில் எடுத்து வை. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவோமே, அந்த மாதிரி. ரெஸ்டோர் பாயின்ட் ஒன்று போடு. பிட்லாக்கர் மீட்புச் சாவி, அந்த 48 இலக்க எண், உன் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, பிரெய்லில் ஒரு தாளில் குத்தி வை. சில அப்டேட்டுகளுக்குப் பிறகு சிஸ்டம் அதைக் கேட்டு நிற்பதுண்டு. அந்தத் திரை வரும்போது விண்டோஸே இன்னும் எழுந்திருக்காது, என்விடிஏ எங்கிருந்து பேசும்?

பிறகு அந்த மௌனம். “அப்டேட் நடக்கிறது, 30 சதவீதம்” என்கிற திரையில் நமக்குப் பேச்சே கிடையாது. தொங்கிவிட்டது என்று நினைத்து பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் நம்மவர்கள் சிஸ்டத்தைக் கெடுத்துக்கொள்கிற முதல் வழி. லேப்டாப்பின் ஓரத்தில் கையை வை. ஃபேன் காற்று வந்தால் பெரும்பாலும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதுவும் நிச்சயமில்லை என்றால் போனை எடுத்து சீயிங் ஏஐ, லுக்அவுட், பீ மை ஐஸ் என்று எதையாவது திறந்து திரைக்கு நேராகக் காட்டு, சதவீதத்தைப் படித்துச் சொல்லிவிடும். முன்பெல்லாம் இதற்கு மாடி வீட்டுப் பையனை எழுப்ப வேண்டும். மீட்புச் சாவியை மட்டும் பீ மை ஐஸில் வரும் முகம் தெரியாத தன்னார்வலருக்குக் காட்டாதே.

திரும்பி வந்தும் பேச்சில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், என். அதற்கும் பதில் இல்லையா, கன்ட்ரோல், விண்டோஸ் கீ, என்டர். நரேட்டர் பேசினால் கோளாறு என்விடிஏவில். நரேட்டரும் பேசாவிட்டால் கோளாறு ஒலியில். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். ஒலி என்றால் வேறு ஹெட்போனை மாற்று. அதுவும் உதவாவிட்டால் விண்டோஸ் கீயோடு எக்ஸ், பிறகு யூ, பிறகு ஆர், ரீஸ்டார்ட் ஆகும். பேச்சில்லாமல் இதை அடித்துப் பழகு, ஒலி நன்றாக இருக்கிற நாளிலேயே.

சில சமயம் பேச்சு இருக்கும், குரல் மாறியிருக்கும். விண்டோஸில் தமிழ்க் குரலுக்கு மைக்ரோசாப்ட் வைத்த பெயர் ‘வள்ளுவர்’. (வேறு யாருக்காவது வைத்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.) வள்ளுவரைக் காணோம், ஈஸ்பீக்கின் தகரக் குரல் கேட்கிறது என்றால் பதறாதே. ஈஸ்பீக் என்விடிஏவுக்குள்ளேயே இருப்பது, விண்டோஸ் தரும் குரல்களை நம்பி இல்லை. அதனால்தான் மற்றவை போனாலும் அது நிற்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரமாவது அதில் கேட்டுப் பழகிக்கொள்.

பெரிய பதிப்பு மாறி, ஒன்றும் சரிப்படவில்லை என்றால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். ரெக்கவரி பக்கத்தில் ‘கோ பேக்’ என்று இருக்கும். நடுவில் யாராவது “டிஸ்க் ஃபுல்லா இருக்கு, கிளீன் பண்ணித் தரேன்” என்று வந்தால் விடாதே. பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

எல்லாம் சரியாக நடந்த பிறகும் ஒரு எரிச்சல் பாக்கியிருக்கும். உன் விரல்கள் பழைய வழியிலேயே போகும். “டேப் ஐந்து தரம், கீழ் அம்பு இரண்டு தரம், என்டர்” என்றுதான் நம் பயிற்சி மையங்கள் பலவற்றில் சொல்லிக் கொடுக்கிறார்கள். கற்றுக்கொள்ளச் சுலபம், பரீட்சைக்கும் நல்லது. ஆனால் ஒரே ஒரு புதுப் பட்டன் நடுவில் நுழைந்தால் ‘சேவ்’ என்று நினைத்து ‘டெலீட்’டில் என்டர் அடிப்பாய். விண்டோஸ் 11 வந்தபோது ரைட் கிளிக் மெனுவையே மாற்றினார்கள். காப்பி, பேஸ்ட் எல்லாம் வரிசையிலிருந்து விலகித் தனிப் பட்டன்களாகப் போயின, பழைய மெனு இன்னொரு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. எண்ணிப் பழகியவர்கள் தவித்தார்கள். கன்ட்ரோல் சி அடித்தவர்களுக்கு மெனு மாறியதே தெரியவில்லை.

ஆகவே எண்ணாதே. ஷார்ட்கட் இருந்தால் அது. இல்லையென்றால் விண்டோஸ் கீயைத் தட்டிப் பெயரை டைப் செய். பக்கங்களில் ஹெடிங், எடிட் பாக்ஸ் என்று தாவிப் போ. என்டர் அடிக்கும் முன் பெயர் முழுதும் காதில் விழட்டும். பேச்சு வேகத்தைக் கூட்டிவிட்டு முதல் எழுத்திலேயே அடிக்கிற பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. அப்டேட் போட்ட வாரத்தில் மட்டும் வேகத்தைக் கொஞ்சம் குறை.

என்விடிஏவும் அப்டேட் ஆகிறது, மறந்துவிடாதே. ஆண்டின் முதல் பதிப்பு, அதாவது 2024.1 மாதிரி ‘புள்ளி ஒன்று’ என்று முடிவது, பழைய ஆட்-ஆன்களை ஒதுக்கிவிடும். உனக்கு உயிரான ஆட்-ஆன் அதற்கு ஒத்து வருகிறதா என்று ஸ்டோரில் பார்த்த பிறகு போடு. விண்டோஸையும் என்விடிஏவையும் ஒரே நாளில் மாற்றாதே. எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஆபீஸ் கணினியில் இந்தச் சுதந்திரமெல்லாம் இருக்காது, ஐடி ஆட்கள் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தள்ளிவிடுவார்கள். உன் சிஸ்டத்தைக் கடைசித் தொகுதியில் வைக்கச் சொல்லி எழுத்தில் கேள். சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேசுகிற நியாயமான வசதிக்குள் இது வராவிட்டால் வேறு எது வரும்? வீட்டில் இருக்கும் பழைய விண்டோஸ் 10 லேப்டாப்புக்கு வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-உடன் முடிந்துவிட்டது. அதில் வங்கி வேலை எதுவும் செய்யாதே.

கடைசியாக, ஏதாவது உடைந்தால் குழுவில் புலம்புவதோடு விடாமல் புகார் எழுது. ‘என்விடிஏ வேலை செய்யவில்லை’ என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ரன் பெட்டியில் ‘வின்வெர்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் விண்டோஸ் பதிப்பும் பில்ட் எண்ணும் வரும். என்விடிஏ பதிப்பு, எந்த மென்பொருள், எந்தக் கீயை அழுத்தினாய், என்ன கேட்டிருக்க வேண்டும், என்ன கேட்டது, ஆட்-ஆன்களை அணைத்துவிட்டு முயன்றாயா, இவ்வளவும் இருந்தால் போதும். ஆங்கிலம் சரியாக வரவில்லையே என்று தயங்காதே, அங்கே இலக்கணம் பார்ப்பவர் யாரும் இல்லை. முதல் புகாரை எழுதியதும் எனக்கு அனுப்பு, பில்ட் எண் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்