பிச்சாவரம் பறவைகளும் சம்பா பயிரும்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள பிச்சாவரம் சுரபுன்னைக் காடு 2022-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பறவைகளைப் படகிலிருந்து பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். சுற்றுவட்டார உழவருக்கோ படகு வேண்டியதில்லை. காட்டில் இரவு அடையும் கொக்குகள் பொழுது விடிந்ததும் வயலுக்கே வந்துவிடுகின்றன. எந்த மாதத்தில் எந்தப் பறவை வருகிறது, எதைத் தின்கிறது என்று தெரிந்துகொண்டால் மருந்துச் செலவிலும் காவல் கூலியிலும் ஒரு பகுதி மிச்சமாகும்.

செப்டம்பரில் சேற்றுழவு நடக்கும்போது ஏருக்கும் டிராக்டருக்கும் பின்னால் உண்ணிக்கொக்குகள் அணிவகுக்கும். உழவில் வெளிப்படும் வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி, தவளை ஆகியவை அவற்றின் இரை. வரப்போரம் அசையாமல் நிற்கும் மடையான் நண்டைப் பிடிக்கிறது. நண்டு வளையால் வரப்பு ஒழுகி, இறைத்த தண்ணீர் வீணாவது கடைமடைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. இதே வாரங்களில் வடக்கே வெகு தொலைவிலிருந்து உள்ளான்கள் வந்து சேரும். நாற்றங்காலில் உள்ளான் நடந்தால் விதை போயிற்று என்று விரட்டுபவர்கள் உண்டு. உள்ளான் கிளறுவது புழுவையும் சிறு நத்தையையும்தான். விதையைப் பொறுக்குபவை புறாவும் குருவிகளும். காட்டு வாத்துகள் பகலில் நீர்ப்பரப்பில் தங்கி, இரவில் வயலில் இறங்கி மேய்பவை. ஆகவே உப்பங்கழியை ஒட்டிய நிலத்தில் நேரடி விதைப்புச் செய்தவர், முளை வேர் பிடிக்கும்வரை காவலை இரவில் வைப்பது நலம். பகலில் டப்பா தட்டிப் பயனில்லை.

நவம்பர் மழைக்குப் பின் இலைச்சுருட்டுப் புழுவும் குருத்துப்பூச்சியும் தலைகாட்டும் சமயத்தில் கரிச்சான் குருவிக்கு உட்கார இடம் தேவை. ஏக்கருக்கு 20 இடங்களில் கிளைக் குச்சிகளையோ தென்னை மட்டைகளையோ பயிருக்கு மேல் ஓரடி உயரம் நிற்கும்படி நட்டால், அதில் அமர்ந்து தாய் அந்துப்பூச்சிகளைப் பறந்து பறந்து பிடிக்கும். இரவில் அதே குச்சியில் கூகை அமர்ந்து எலிக்குக் காத்திருக்கும். கூகை கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று கல்லெறிவது இன்னும் நிற்கவில்லை. எலிக்கு இதைவிட மலிவான காவலாளி கிடைப்பது அரிது.

கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் தருணத்தில் குச்சிகளை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் குருவிகளுக்கும் அவையே இருக்கையாகும். பால் பிடிப்பதிலிருந்து மணி முற்றும்வரை சுமார் மூன்று வாரம் சில்லை, தூக்கணாங்குருவி, கிளி ஆகியவற்றால் உண்மையிலேயே சேதம் உண்டு. இந்த மூன்று வாரத்துக்குத்தான் காவல். மினுக்கும் ஜரிகை நாடாவைச் சற்று முறுக்கிப் பயிருக்கு மேலே இழுத்துக் கட்டலாம். வாரம் ஒருமுறை இடம் மாற்றிக் கட்டாவிட்டால் பறவைகள் பழகிவிடும்.

குருணை மருந்தை நெல்லில் கலந்து வரப்பில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் சில்லை மட்டுமா சாகும்? புறாவும் மயிலும் சாகும். நஞ்சு தின்ற எலியைப் பிடித்த கூகையும் சாகும். அடுத்த பட்டத்தில் எலி பெருகும். கொக்குக்கு வலை வைப்பதும், நஞ்சு வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சீனாவில் 1958-ல் சிட்டுக்குருவியைப் பயிரின் எதிரி என்று நாடு முழுவதும் கொன்றார்கள். பூச்சிகள் பெருகிய பிறகு, 1960-ல் அந்தப் பட்டியலிலிருந்து குருவியை நீக்கினார்கள். நம் வேடந்தாங்கல் உழவர்களோ பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுக்க, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டரிடம் உரிமைப் பத்திரமே பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தார்கள்.

அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகத் தெளித்த உளுந்தும் பயறும் பூக்கும் பிப்ரவரியில், கழற்றி வைத்த குச்சிகளை மறுபடி நடலாம். காய்ப்புழுவின் அந்துப்பூச்சிக்கும் கரிச்சான்தான் ஆள். மார்ச் கடைசியில் உள்ளான்கள் வடக்கே திரும்பத் தொடங்கும். மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகவும் உண்ணிக்கொக்கின் தலை ஆரஞ்சாகவும் மாறினால் அவை கூடு கட்டும் பருவம். அக்கம்பக்கத்தில் கூடுள்ள மரத்தை அப்போது வெட்டலாகாது.

சாகுபடிக் கணக்கு நோட்டில் பறவைக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கலாம். வாரத்தில் ஒரு நாள், விடிந்ததும் அரைமணி நேரம் வரப்பில் நின்று, என்ன பறவை, ஏறக்குறைய எத்தனை, உழுத வயலிலா, நீர் நின்ற வயலிலா, கதிர் வந்த வயலிலா என்று குறித்தால் போதும். பெயர் தெரியாவிட்டால் கால் நிறமும் அலகின் நீளமும் எழுதிக்கொள்ளலாம். சில்லைக் கூட்டம் முதலில் இறங்கிய தேதியை மட்டும் சிவப்பு மையால் எழுதுவது நல்லது. மூன்று சம்பா கழிந்ததும், காவலுக்கு ஆள் சொல்ல வேண்டிய வாரம் எது என்பதை அந்தப் பக்கமே காட்டிவிடும்.