எல்லைப்புற வேளாண்மையும் பல்கலைக்கழகமும்

கற்பித்தலும் ஆராய்ச்சியும் மட்டுமே பல்கலைக்கழகத்தின் கடமைகள் என்ற கருத்து நமது நாட்டில் நெடுங்காலம் நிலவியது. விரிவாக்கப் பணியையும் இவ்விரண்டுக்கும் நிகரான மூன்றாவது கடமையாகப் பல்கலைக்கழக மானியக் குழு 1977-ல் ஏற்றது. வேளாண்மைப் பல்கலைக்கழகங்களோ தோன்றும்போதே இக்கடமையை ஏற்றுத் தோன்றியவை. அவற்றுள் முதலாவது 1960-ல் பந்த்நகரில் அமைந்தது. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் திருச்சூர் நகரை அடுத்த வெள்ளானிக்கரையில் உள்ளது. நகரை ஒட்டிய ஒரு நிறுவனம் தொலைவிலுள்ள வயலையும் மலையையும் எவ்வாறு அடைகிறது என்பதைத் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் காணலாம்.

பாலக்காடு மாவட்டத்துப் பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையம் பல்கலைக்கழகத்தைவிட மூத்தது. மலபார் சென்னை மாகாணத்துடன் இணைந்திருந்த காலத்தில், 1927-ல், அது நிறுவப்பட்டது. அங்கு உருவான குட்டை ரகமான அன்னபூர்ணாவும், 1974-ல் வெளிவந்த சிவப்பரிசி ரகமான ஜோதியும் கேரள உழவர்களிடையே பெயர் பெற்றவை. ஆயினும் அந்நிலையத்தின் புகழ் பழைய ரகங்களிலும் அடங்கியுள்ளது. உழவர் வயல்களில் வழங்கிய நெற்களிலிருந்து தெரிந்தெடுத்த பி.டி.பி. 18, பி.டி.பி. 33 ஆகியவை புகையான் பூச்சியை எதிர்க்கும் ஆற்றலுக்காகப் பிற நாடுகளிலும் பெற்றோர் ரகங்களாகப் பயன்பட்டன. பிலிப்பைன்ஸில் உருவான ஐ.ஆர். 36 நெல்லின் மரபு வழியில் பி.டி.பி. 18 இடம்பெறுகிறது. உழவரிடமிருந்து பெற்றதை ஆய்ந்து உலகுக்கு அளிப்பதும் சமுதாயப் பணியே.

இடுக்கியில் நிலைமை சற்று வேறு. பாம்பாடும்பாறை ஏல ஆராய்ச்சி நிலையம் 1956-ல் தொடங்கி, பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. அது உருவாக்கிய ரகங்கள் உண்டு. ஆயினும் மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களில் பெருமளவு பரவியது ‘ஞள்ளானி’. அது ஆய்வகத்தில் பிறந்ததன்று. கட்டப்பனைப் பகுதி விவசாயி செபாஸ்டியன் ஜோசப், தம் தோட்டத்தில் சிறந்து விளைந்த செடியைக் கண்டு, பக்கக் கன்றுகளால் பெருக்கி உருவாக்கியது. இதை ஆராய்ச்சி நிலையத்தின் குறையாகக் கொள்வது பொருந்தாது. செடியைத் தேர்வதில் விவசாயியின் கண் கூர்மையானது. அந்த ஒரே ரகம் மலையெங்கும் பரவும்போது நோயும் பூச்சியும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் வசதியோ தனி விவசாயிக்கு இல்லை. பல்கலைக்கழகத்தின் உண்மையான இடம் அங்கேதான்.

இனி, அறிவுரை யாரைச் சென்றடைகிறது என்ற வினா எழுகிறது. ஏலம் பூச்சிமருந்து மிகுதியாகத் தெளிக்கப்படும் பயிர். உடும்பன்சோலைப் பகுதித் தோட்டங்களில் உழைப்போரில் பலர் போடி, கம்பம் ஊர்களிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் மலையேறி, மாலையில் இறங்கிவிடுபவர்கள். மலையாளத்தில் நடத்தும் பயிற்சியும் அச்சிடும் துண்டுப்பிரசுரமும் தோட்ட உரிமையாளரை அடையும். மருந்துக் கலவையைக் கையில் ஏந்தும் தமிழ்த் தொழிலாளியை அடைவது அரிது. எந்த மருந்தை எந்த அளவில் கலப்பது, முகத்தையும் கையையும் எவ்வாறு மூடிக்கொள்வது என்ற செய்தி அவருக்கே முதலில் தேவை. பாலக்காடு மாவட்டச் சிற்றூர் வட்டத்திலும் தமிழ் பேசும் உழவர் பலர் உளர். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. மனு எழுத மொழி கிடைத்தால் போதாது. மருந்துப் புட்டியைப் பற்றிய அறிவுரைக்கும் அம்மொழி வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வாளையாறு கணவாய்க்கு அப்பால், கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உள்ளது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையத்தை 1974-ல் புதுச்சேரியில் தொடங்கிய அனுபவம் அதற்கு உண்டு. இரு பல்கலைக்கழகங்களும் கூடிப் பயிர்ப் பாதுகாப்புக் குறிப்புகளை இரு மொழிகளில் வெளியிடலாம். இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பணியாற்றும் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தில், தமிழறிந்தோரை எல்லைப் பகுதிக்கு அனுப்பலாம். பயிற்சி நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்: மாலை ஜீப் புறப்படுவதற்கு முன், தோட்டத்திலேயே, தெளிப்பானை எதிரில் வைத்துக்கொண்டு நடத்தினால்தான் கேட்க ஆள் இருக்கும்.