பழவேற்காட்டு நிலவு

நுழையும்முன்

அலைவாய்க்கரையில் வாழ்வோர் நிலவை நாள்தோறும் அளந்தே வாழ்கின்றனர். அந்த நிலவை நோக்கிச் செல்லும் ஏவூர்திகளும் அவர்கள் கண்ணெதிரேதான் எழுகின்றன. ஆயினும் நிலவையும் பிற கோள்களையும் ஆராய்வது ஒரு தொழில் என்பதும், அதற்கு ஊதியமும் உதவித்தொகையும் உண்டு என்பதும் அக்கரைக்கு எட்டியுள்ளனவா? அந்தத் தொலைவைப் பற்றிப் பேசுகிறது இப்பாடம்.

ஏரியும் தீவும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் தொடங்கி ஆந்திர மாநிலத்துக்குள் நெடுந்தொலைவு பரந்து கிடப்பது பழவேற்காடு ஏரி. உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து, இந்தியாவில் இதுவே பெரியது. வங்கக்கடலுக்கும் இவ்வேரிக்கும் இடையே வரப்புப்போல் நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. விண்வெளி ஏவுதளத்துக்காக 1969ஆம் ஆண்டு இத்தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9ஆம் நாள் முதல் ஆய்வு ஏவூர்தி இங்கிருந்து விண்ணில் பாய்ந்தது. தீவில் வழிவழியாக வாழ்ந்துவந்த யானாதிப் பழங்குடியினர் உள்ளிட்ட மக்கள் அதற்காகத் தம் வாழிடத்தை விட்டு அகன்றனர். விண்வெளி வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் இதனைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றனர்.

2008 அக்டோபர் 22 அன்று சந்திரயான்-1, 2013 நவம்பர் 5 அன்று மங்கள்யான், 2019 ஜூலை 22 அன்று சந்திரயான்-2, 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 என இந்தியாவின் கோள் பயணங்கள் யாவும் இத்தீவிலிருந்தே புறப்பட்டன. ஏவுதல் நாளில் பாதுகாப்புக் கருதிக் குறிப்பிட்ட கடற்பரப்புக்குள் படகுகள் செல்லக்கூடாது என்று மீனவர்க்கு முன்னரே அறிவிக்கப்படும். நாடு தொலைக்காட்சியில் கண்டு மகிழும் அந்நாள், கரையிலுள்ள குடும்பத்துக்கு வலை வீசாத நாளாகவும் அமைந்துவிடுகிறது.

பாடு

பழவேற்காட்டு மீனவரிடம் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. வலை கட்ட விரும்புவோரோ பலர். வலியவர் முந்திக்கொண்டால் எளியவர் பட்டினி கிடக்க வேண்டியதுதான். ஆகவே எந்த நாளில் எந்த ஊரார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்தும் சீட்டுக் குலுக்கியும் ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்கின்றனர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்கள் இம்முறைக்குப் பெயர்பெற்றவை. குறைவாக உள்ளதைப் பூசலின்றிப் பகிர்ந்துகொள்ள எழுத்தறியாக் காலத்திலேயே மக்கள் கண்ட நல்வழி இது. எனினும் பாட்டுரிமை பெறாத பிறர் அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கின்றனர்; அதனால் எழுந்த மனக்கசப்புகளும் உண்டு.

ஆராய்ச்சி உலகிலும் பாடு இருக்கிறது. அங்கும் பணம் குறைவு, கருவிகள் குறைவு, கேட்போர் பலர். ஆனால் அங்கே சீட்டுக் குலுக்குவதில்லை. ஆய்வாளர் தாம் விடைகாண விரும்பும் வினா எது, அதற்கு வேண்டிய கருவி எது, ஆகும் செலவும் காலமும் எவ்வளவு என்பவற்றை எழுதி முன்மொழிவாக அளிப்பார். அத்துறை வல்லுநர் அதனைப் படித்துத் தரம் காண்பர். தேர்ந்தெடுக்கப்பட்டால் நிதிநல்கை கிடைக்கும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் 'ரெஸ்பாண்ட்' என்னும் திட்டத்தின் வாயிலாக நெடுங்காலமாக இத்தகைய நிதியை வழங்கி வருகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் எல்லா அறிவியல் துறைகளுக்கும் நிதி அளிக்கிறது. குலுக்கலில் நற்பேறு போதும். இங்கோ எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட, இப்படி ஒன்று இருக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். வட்டத்துக்கு வெளியே நிற்பது என்பது இங்கும் நேர்கிறது.

சேலத்து மண்ணும் நிலவு மண்ணும்

கோள் ஆய்வு என்றால் ஏவூர்தி கட்டுவது மட்டுமே என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறன்று என்பதற்குத் தமிழகத்திலேயே நல்ல சான்று உள்ளது. நிலவில் இறங்கும் கலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்க்க நிலவின் மண்ணைப் போன்ற மண் பல டன் வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் பெருஞ்செலவு. நிலவின் மேட்டுநிலங்கள் அனார்த்தோசைட் என்னும் வெளிறிய பாறையால் ஆனவை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் இருப்பதைப் புவியியலாளர் நெடுநாளாக அறிவர். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியமைப்பியல் துறையினர் அதில் துணைநின்றனர். பாறை உடைக்கப்பட்டு, வேண்டிய பருமனுக்குப் பொடியாக்கப்பட்டுப் பெங்களூருக்குச் சென்றது. இவ்வாறு நிலவு மண்ணை உருவாக்கும் முறைக்கு 2020ஆம் ஆண்டு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் காப்புரிமையும் பெற்றது.

கதை அத்துடன் நிற்கவில்லை. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்முனையை ஒட்டிய பகுதியில் இறங்கியது. ஊர்தி ஏறத்தாழ நூறு மீட்டர் உலவி, 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அக்கருவியை உருவாக்கியது அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வகம். அளவீடுகள் அனார்த்தோசைட் பாறைக்குரிய கலவையையே காட்டின. நிலவு தோன்றிய காலத்தில் அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிய கற்குழம்புக் கடலாக இருந்தது என்றும், எடை குறைந்த கனிமங்கள் மேலே மிதந்து உறைந்து மேலோடு ஆயின என்றும் ஒரு கருத்து உண்டு. அதற்கு இவ்வளவீடுகள் வலுவூட்டின. 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் அவ்வாய்வு வெளியாயிற்று. நாமக்கல்லில் கல் பார்த்தவருக்கும் நிலவின் பிறப்பைச் சொல்பவருக்கும் பொதுவானது பாறையியல் என்னும் ஒரே கல்வி.

நிலவுக் கருத்தரங்குகள்

மேற்சொன்ன இயற்பியல் ஆய்வகத்தை 1947ஆம் ஆண்டு நிறுவியவர் விக்ரம் சாராபாய். கோள் அறிவியலில் இந்தியாவின் தாய்வீடு அதுவே எனலாம். விண்கற்களையும் நிலவுப் பாறைகளையும் பல்லாண்டுகளாக அங்கு ஆராய்கின்றனர். 2020 முதல் இந்தியக் கோள் அறிவியல் மாநாடும் அங்கு நடந்து வருகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆண்டுதோறும் மார்ச்சு மாதம் கூடும் நிலவு, கோள் அறிவியல் மாநாடு இத்துறையில் மூத்தது. அப்பல்லோ 11 கொணர்ந்த நிலவுப் பாறைகளைப் பற்றிப் பேச 1970இல் கூடிய கூட்டமே அதன் தொடக்கம்.

இம்மாநாடுகளில் மூத்தவர் மேடையில் பேசுவர். மாணவர் தம் முடிவுகளைச் சுவரொட்டியாக வரைந்து அதன் அருகே நிற்பர். வருவோர் நின்று கேட்பர், மறுப்பர், வேறோர் ஆய்வகத்தைச் சுட்டுவர். அடுத்த வேலைவாய்ப்பு பலருக்கு அந்தச் சுவரொட்டி அருகே பிறக்கிறது. ஊர்க்கூட்டத்துக்குப் போகாதவன் பாடு கேட்க முடியாது என்பது மீனவர் நன்கறிந்ததே.

வழி

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் ஒருவர் இத்துறைக்குச் செல்ல, பொறியியல் ஒன்றே வழியன்று. சந்திரயான்-1இன் திட்ட இயக்குநரான மயில்சாமி அண்ணாதுரை கோவை மாவட்டத்துக் கோதவாடியில் பிறந்து தமிழ்வழியில் பயின்றவர். சந்திரயான்-3இன் திட்ட இயக்குநரான விழுப்புரத்து வீரமுத்துவேல் பட்டயப் படிப்பில் தொடங்கி முனைவர் பட்டம் வரை சென்றவர். இருவரும் பொறியியல் வழி வந்தோர். கலம் கட்டுவது அவர்கள் பணி. கலம் அனுப்பும் செய்தியைப் படித்துப் பொருள் சொல்வதற்கு இயற்பியல், வேதியியல், புவியமைப்பியல் கற்றோர் வேண்டும். புவியமைப்பியலைச் சென்னை மாநிலக் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகளில் இளநிலையிலேயே கற்கலாம். திருவனந்தபுரத்தில் 2007இல் தொடங்கப்பட்ட விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இத்துறைக்கென்றே அமைந்தது.

தெரிந்து தெளிவோம்

மேனிலைத் தேர்வில் தம் வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டினருள் வந்து அடிப்படை அறிவியல் பயில்வோர்க்கு, ஆண்டுக்கு 80,000 ரூபாய் மதிப்புள்ள 'இன்ஸ்பயர்' உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் தகுதி உண்டு. முதுகலைக்குப்பின் தேசியத் தகுதித் தேர்வில் 'புவி, வளிமண்டல, பெருங்கடல், கோள் அறிவியல்' என்றே ஒரு பாடம் உள்ளது. அதில் இளநிலை ஆய்வாளராகத் தேர்வு பெறுவோர்க்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்படுகிறது.

மாதந்தோறும் வரும் இத்தொகையின் பொருள் பெரிது. மகன் அல்லது மகள் இன்னும் ஐந்தாண்டு படிக்கப்போகிறார் என்றால் கரையில் முதலில் எழும் கேள்வி, 'அதுவரை வீட்டுக்கு என்ன வழி?' என்பதே. அக்கேள்வி நியாயமானது. ஆராய்ச்சி மாணவர் செலவு செய்து படிப்பவர் அல்லர், ஊதியம் போன்ற ஒன்றைப் பெற்றுப் படிப்பவர் என்பதைச் சொல்லும்போதுதான் பேச்சு மேலே நகர்கிறது.

மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. முனைவர் பட்டத்துக்குப்பின் கோள் அறிவியலுக்கென உள்ள நிலையான பணியிடங்கள் நம் நாட்டில் மிகுதியல்ல. சிலர் அயல்நாடுகளில் ஓரிரு ஆண்டுக்கால ஆய்வுப்பணிகளில் மாறி மாறி இருக்க நேரிடும். ஆனால் நிலவின் பள்ளங்களைச் செயற்கைக்கோள் படத்தில் அளக்கக் கற்றவர், பழவேற்காட்டு முகத்துவாரம் மணலால் தூர்ந்துவருவதையும் அதே கணக்கால் அளக்க முடியும். கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் விண்ணிலிருந்து கண்டு, மீன் திரளும் இடத்தை ஐதராபாத்திலுள்ள தேசியக் கடல்சார் தகவல் மையம் மீனவர்க்கு அறிவித்து வருகிறது. அதுவும் இக்கல்வியின் பிள்ளையே.

வெள்ளுவா நாளிலும் காருவா நாளிலும் ஓதம் மிகும். முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏரிக்குள் ஏறும். இறால் குஞ்சுகள் அதனோடு வரும். இதனைக் கணித்தே அக்கரையினர் வலை கட்டுகின்றனர். சந்திரயான் அனுப்பிய படங்களும் அளவீடுகளும் பெங்களூருக்கு அருகிலுள்ள பயலாலு தரவு மையத்தில் சேர்த்துவைக்கப்பட்டு, கேட்போர்க்கு இணையவழியே இலவசமாக வழங்கப்படுகின்றன. அவற்றைப் பெறப் பாட்டுரிமை தேவையில்லை. பெயரைப் பதிவு செய்துகொண்டால் போதும்.